சுங்கை சிப்புட் சிலைப் பட்டறை: வேலை நயம், சாயத்தில்தான் கோளாறு

மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1954இல் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப் பள்ளியை எழுப்பிய ஊர், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். இங்கே கோயில் வேலை செய்யும் சிற்பிகளின் பட்டறை ஒன்று காந்தி சிலை போன்ற பழைய சிமிட்டிச் சிலைகளையும் பழுது பார்த்துத் தருகிறது. தோட்டம் கைமாறி, சிலை லோரி ஏற வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டறையைத் தாராளமாகச் சொல்லலாம்.

முதலில் சிறு சுத்தியால் தலையிலிருந்து பீடம் வரை தட்டிப் பார்க்கிறார்கள். 'பொத்' என்று கேட்கும் இடத்தில் சிமிட்டி உள்ளே பிரிந்திருக்கும். அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுகிறார்கள். காந்தி சிலையில் முதலில் போவது கைத்தடிதான். கம்பிக்கு மேல் பூச்சு மிக மெல்லிசு. மழைநீர் இறங்கித் துருப்பிடித்ததும் கம்பி உப்பிச் சிமிட்டியைப் பிளந்துவிடும். வெடிப்பை மட்டும் அடைத்தால் அதே இடம் திரும்பவும் வெடிக்கும்.

இவர்கள் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, பளபளப்பு தெரியும்வரை துருவைத் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடிக்கிறார்கள். பிறகு சிமிட்டிப் பால் தடவி, அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமிட்டிக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுகிறார்கள். 7 நாள் ஈரச்சாக்கால் மூடி வைக்கிறார்கள். 28 நாள் ஆகாமல் சாயம் கிடையாது. அக்டோபர் 2 விழா என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார்கள், அதுவே சரி.

குறை சாயத்தில். கேட்காவிட்டால் பளபளக்கும் எனாமல் அடித்துவிடுகிறார்கள். உள்ளீரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கிளம்பும். கண்ணோரச் சுருக்கமும் சிரிப்பும் தடித்த சாயத்தில் மறைந்து முகமே மாறிவிடும். பழைய சாயத்தை முழுக்கச் சுரண்டி, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கை போதும் என்று எழுதிக் கொடுங்கள். முகத்தைப் பட்டறையின் மூத்த கைதான் தொட வேண்டும்.

பீடத்தோடு சிமிட்டி போட்டு ஒட்ட விடாதீர்கள். துருப்பிடிக்காத போல்ட்டில் நிறுத்தச் சொன்னால் செய்து தருகிறார்கள். வைத்த இடத்திலேயே சிலை என்றும் நிற்கும் என்று சொல்ல முடியாது. கானாப் பல்கலைக்கழகத்தில் 2016இல் திறந்த காந்தி சிலையை, ஆப்பிரிக்கர்களைப் பற்றி அவர் எழுதியவற்றைச் சுட்டி எழுந்த எதிர்ப்பால் 2018இலேயே எடுத்துவிட்டார்கள். சாலை அகலமானாலும் நிலம் விற்றாலும் சிலை நகரத்தான் வேண்டும். போல்ட் இருந்தால் காலை உடைக்காமல் தூக்கலாம். பீடத்தின் மேற்பரப்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும், தண்ணீர் தேங்கினால் பாதம்தான் முதலில் உதிரும்.

தூக்கும்போது கயிற்றைக் கழுத்திலோ கையிலோ கட்ட விடக்கூடாது. அடிப்பலகைக்குக் கீழே அகல பெல்ட். லோரியில் நிற்க வைத்து, நாலு பக்கமும் பழைய டயர்.