மலைவீட்டு முற்றத்துக்கு எந்தக் கற்றாழை?

மஸ்கட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றித் திரும்பிய என் சித்தப்பா, உதகைக்கு அருகே தலைகுந்தாவில் புதிதாகக் கட்டியுள்ள வீட்டின் முன்புறத்தை, மஸ்கட்டில் தாம் குடியிருந்த கடலோர வீட்டைப் போலவே சரளைக்கல் பரப்பி, ஆனைக்கற்றாழையும் பிற சதைப்பற்றுச் செடிகளும் நட்டு அமைக்க விரும்புகிறார். தண்ணீர் கேட்காத செடிகள், குளிரை மட்டும் தாங்கிவிட்டால் போதும் என்பது அவர் எண்ணம். மலையில் இந்தச் செடிகளைக் கொல்வது குளிர் மட்டுமன்று, ஈரத்தோடு சேர்ந்து வரும் குளிர் என்பதால் அவருக்காக இந்த ஒப்பீட்டை எழுதத் தொடங்கினேன்.

மஸ்கட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். உறைபனி என்ற பேச்சே அங்கில்லை. உதகையிலோ அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான மழை, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவங்களிலும் பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண் காய்வதற்குள் மார்கழியின் உறைபனி வந்துவிடுகிறது. தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், தலைகுந்தா போன்ற தாழ்வான வெளிகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும். இலை நிறைய நீரைத் தேக்கி வைத்திருக்கும் செடிக்கு அந்த நீரே அன்றிரவு பகையாகிறது.

தமிழில் நாம் ஒரே பெயரால் அழைக்கும் இரண்டு கற்றாழைகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆனைக்கற்றாழை எனப்படும் அகாவே மெக்சிகோவைச் சேர்ந்தது. அதன் இலையைக் கிழித்தால் நார் வரும். சோற்றுக்கற்றாழை ஆலோ இனத்தைச் சேர்ந்தது. அதன் இலைக்குள் இருப்பது சோறு. அகாவே பல ஆண்டுகள் காத்திருந்து, ஆறு முதல் எட்டு மீட்டர் உயரத் தண்டை எழுப்பி, ஒரே முறை பூத்துப் பின் மடிந்துபோகும். ஆலோ ஆண்டுதோறும் பூக்கும்.

குளிரைத் தாங்குவதில் ஆனைக்கற்றாழைக்கு நிகர் இங்கே பேசப்படும் எதுவும் இல்லை. வேர்ப்பகுதி காய்ந்திருந்தால் தலைகுந்தாவின் பனி அதற்கு ஒரு பொருட்டே அன்று. ஆனாலும் வீட்டு முற்றத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். முதிர்ந்த செடி மூன்று மீட்டர் அகலத்துக்கு விரியும். ஒவ்வோர் இலை நுனியிலும் ஊசிபோன்ற முள் குழந்தையின் கண் உயரத்தில் நிற்கும். வெட்டும்போது கசியும் சாறு தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். பக்கக்கன்றுகளை ஆண்டுதோறும் தோண்டி எடுக்காவிட்டால் அது வேலியைத் தாண்டிப் பரவும். சோலைகளையும் புல்வெளிகளையும் வெளியூர்ச் செடிகளுக்கு ஏற்கெனவே பெருமளவு இழந்துவிட்ட மலை இது. தோண்டிய கன்றை ஓடையோரச் சரிவில் எறிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

முள்ளில்லாத அகாவே அட்டெனுவேட்டா பார்வைக்கு மிக அழகானது. ஆனால் உறைபனியில் அதன் இலைகள் வெந்த கீரைபோலத் துவண்டுவிடும். குன்னூரின் பனி படியாத சரிவுகளில் நடலாம். தலைகுந்தாவில் தொட்டியில் மட்டுமே வளர்க்கலாம். சோற்றுக்கற்றாழைக்கும் இதே விதிதான்.

ஆலோ ஆர்போரெசென்ஸ் என்ற புதர்க் கற்றாழையையே நான் முதலிடத்தில் வைப்பேன். தென்னாப்பிரிக்காவில் கடற்கரை முதல் மலை உச்சி வரை இயல்பாக வளர்வதும், அங்கே கால்நடைப் பட்டிகளுக்கு உயிர்வேலியாக நடப்படுவதும் இச்செடியே. இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்குக் கிளைத்து வளரும்; ஒரு கிளையை ஒடித்து, வெட்டுவாயைச் சில நாள் காயவிட்டு நட்டால் வேர்பிடித்துவிடும். அதன் செந்நிறப் பூங்கதிர்களைத் தேடித் தேன்சிட்டுகள் வரும். கடும்பனி விழுந்தால் இளம் பூக்காம்புகள் கருகக்கூடும் என்பது உண்மை. செடி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வீட்டின் தெற்குச் சுவரையொட்டி நட்டால், பகலில் வெயிலை வாங்கிய சுவர் இரவில் அந்த வெப்பத்தை மெல்ல விட்டுக்கொடுக்கும்.

எச்செவேரியா என்ற சிறிய சதைப்பற்றுச் செடியைப் பாலைவனச் செடி என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். அதன் இனங்களில் பல மெக்சிகோவின் மேட்டுநிலங்களில் பாறை இடுக்குகளில் வளர்பவை. ஆகவே குளிர்ந்த இரவும் கூர்மையான வெயிலும் அவற்றுக்குத் தாயகச் சூழல். சமவெளியில் வெளிறி நீளும் செடி, இங்கே இறுகி, இலை விளிம்பு சிவந்து, வேறொரு செடியோ என வியக்க வைக்கிறது. வேறுபாடு ஒன்றே: மெக்சிகோவில் கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி, நமக்கோ குளிரின் வாசல்வரை மழை. இலையடுக்கின் நடுவில் தேங்கும் நீர் குருத்தை அழுகச் செய்யும். எனவே எச்செவேரியாவுக்கு உரிய இடம் திறந்த பாத்தி அன்று. வெயில் படும் இறவாரத்தின் கீழ் வைத்த மண்தொட்டியே. மாவுப்பூச்சி இலையிடுக்கில் ஒளிந்திருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பார்க்கும்போது இலைமேல் இயல்பாகவே படிந்திருக்கும் வெண்பொடியை விரலால் துடைத்துவிடக் கூடாது, அது மீண்டும் வராது.

எதை நட்டாலும் நம் மலையின் புளிப்பேறிய, இலைமட்கு நிறைந்த மண்ணில் நேரே நடலாகாது. ஓர் அடி உயரத்துக்குச் சரிவான மேட்டுப்பாத்தி எழுப்பி, சிப்ஸ் ஜல்லியும் கழுவிய எம்-சாண்டும் பாதிக்கு மேல் கலந்துகொள்ள வேண்டும். கார்த்திகைக்குப் பின் தண்ணீரை நிறுத்திவிட்டு, பனி இரவுகளில் பூங்காக்காரர்கள் செய்வதுபோலக் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் பரப்பி மூடி, காலையில் எடுத்துவிடலாம். சித்தப்பாவை மாசி கடைசிவரை பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போது நட்டால் ஆனி மழைக்கு முன் வேர் ஊன்ற மூன்று மாதம் கிடைக்கும்.