வீடு விற்கப் போகிறீர்களா? அக்ரிமென்ட்டில் இந்த நாலு வார்த்தையைத் தேடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போலிப் பத்திரம் எதுவும் இதில் இல்லை. காசோலை திரும்பி வரவில்லை. பேசிய விலை ஒரு பைசா குறையாமல் கைக்கு வந்தது. ஆனாலும் ஏமாந்தேன். எப்படி ஏமாந்தேன் என்று எனக்கே விளங்க ஐந்து மாதம் ஆனது.

பதினேழு வருடம் குடியிருந்த வீடு. வேலை வேறு ஊருக்கு மாறியதால் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். விற்றுவிடலாம் என்று முடிவு செய்தபோது, எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் வீடு விற்றதே இல்லை. வாங்கும்போது எவ்வளவு சந்தேகப்பட்டோம், எத்தனை பேரிடம் விசாரித்தோம்! விற்கும்போது அந்தப் பயமே வரவில்லை. நம் வீடு, வரப்போவது பணம், இதில் நமக்கு என்ன நஷ்டம் வந்துவிடும் என்ற நினைப்பு.

மூன்று தரகர்களிடம் விலை கேட்டேன். இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே தொகையைச் சொன்னார்கள். மூன்றாமவர் அதற்கு மேல் கால் பங்கு கூட்டிச் சொன்னார். யாரிடம் போயிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு அவர் மூலமாக மட்டுமே விற்பேன் என்று எழுதியும் கொடுத்தேன். விலையைத் தூக்கிச் சொல்வது நம்மைப் பிடித்துப் போடத்தான் என்பது அப்போது தெரியாது. வீட்டை விற்பனைக்கு வைத்த முதல் சில வாரங்களில்தான் ஆட்கள் ஆர்வமாக வந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் விலை எட்டாத உயரத்தில் இருந்தால் போனில் கேட்டதோடு சரி. பிறகு குறைத்தாலும், 'இவ்வளவு நாளாகப் போகவில்லையே, வீட்டில் ஏதோ கோளாறு' என்ற பேச்சு வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரகர் போன் செய்து, "இன்னும் கொஞ்சம் இறங்கி வாங்க சார்" என்பார். பத்தாவது வாரம் நான் நின்ற இடம், மற்ற இருவரும் முதல் நாளே சொன்ன விலைக்கும் கீழே.

அப்போதுதான் 'பார்ட்டி' வந்தார். நல்ல மரியாதை. பேரம்கூடப் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். குடியிருக்கப் போகிறவர் என்றால் அலமாரியைத் திறந்து பார்ப்பார், குழாயைத் திருகிப் பார்ப்பார், அக்கம்பக்கம் எப்படி என்று கேட்பார். மாடியறைச் சுவரில் இருந்த ஈரக்கறையை நானே காட்டினேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பதிவு செய்ய ஐந்து மாதம் அவகாசம். அட்வான்ஸ் நூற்றுக்கு இரண்டு.

அக்ரிமென்ட்டை தரகரே தயார் செய்து கொண்டுவந்தார். ஏழு பக்கம். "எல்லாம் வழக்கமா போடுறதுதான் சார்." நான் என் பெயரின் எழுத்தைச் சரிபார்த்தேன், விலையைப் பார்த்தேன், விலாசத்தைப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில், 'வாங்குபவர் அல்லது அவர் குறிப்பிடும் நபர்' பெயருக்குப் பதிவு செய்து தரப்படும் என்று இருந்தது. அதையும் படித்தேன். மனைவி பெயரில் வாங்குவார் போலிருக்கிறது என்று நானே ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அளவெடுக்க வேண்டும் என்று சாவி கேட்டார்கள். கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து எதிர்வீட்டு அக்கா போன் செய்தார். "என்ன தம்பி, வீடு முடிஞ்சிருச்சுன்னு சொன்னே, தினம் யார் யாரோ குடும்பமா வந்து பார்த்துட்டுப் போறாங்களே?" தரகரிடம் கேட்டதற்கு, "பார்ட்டியோட சொந்தக்காரங்க சார்" என்றார். எத்தனை சொந்தம்!

பதிவுக்குப் போன அன்று அங்கே உட்கார்ந்திருந்தது, நான் அதுவரை பார்த்தே இராத ஒரு கணவன் மனைவி. கையில் ஒரு குழந்தை. அந்த அம்மா என்னிடம், மாடியறையில் வெயில் எப்படி, தண்ணீர் எந்த நேரம் வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேச்சுவாக்கில் அவர் கணவர் தாங்கள் கொடுக்கும் மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டார். எனக்கு வந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். நான்காம் பக்கத்து 'அவர் குறிப்பிடும் நபர்' இவர்கள்தான். என் வீட்டை என் சாவியால் திறந்து காட்டி, அந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு போனவர் அந்த மரியாதையான மனிதர். தரகருக்கு என்னிடம் கமிஷன், அந்தப் பக்கமும் கமிஷன்.

எழுந்து வந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. வாசலிலேயே நின்று ஒரு வக்கீலுக்குப் போன் செய்தேன். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிவிடலாம் என்றுதான் பலரையும் போல நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். வீடு, நிலம் விஷயத்தில், ஒப்பந்தப்படி விற்றுக்கொடு என்று நீதிமன்றமே உத்தரவிடும் வாய்ப்பு உண்டு. "கையெழுத்து உங்களுடையதுதானே?" என்று மட்டும் கேட்டார். தரகர் எதிர்த்தரப்பிலும் பணம் வாங்கினால் அதை விற்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. ஆனால் என்னிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாம் போன் பேச்சு.

அன்று இரவுதான் ஏழு பக்கத்தையும் நிதானமாகப் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் இன்னொன்று: வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தர வேண்டும். அதாவது வேறு ஆள் கிடைத்தால் அவருக்கு லாபம், கிடைக்காவிட்டால் கடன் மறுக்கப்பட்டதாக ஒரு கடிதம் காட்டிவிட்டு, போட்ட பணத்தோடு போய்விடலாம். அந்த ஐந்து மாதமும் நான் மட்டும் வேறு யாருக்கும் விற்க முடியாது. இத்தனைக்கும் நூற்றுக்கு இரண்டு!

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் 'அல்லது அவர் குறிப்பிடும் நபர்' என்ற அந்த நாலு வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள், அல்லது 'விற்பவரின் எழுத்துமூல சம்மதத்தோடு மட்டும்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டு ஆள் பெயரில் வாங்குகிறவர் என்றால் அந்தப் பெயரை இப்போதே எழுதிவிட்டுப் போகட்டும். அவகாசம் எதற்கு என்று கேளுங்கள். கடனுக்கு என்றால், எத்தனை நாளுக்குள் வங்கி பதில் வர வேண்டும் என்று தேதி போடுங்கள். அந்தத் தேதி தாண்டினால் அட்வான்ஸ் யாருக்கு என்பதும் பத்திரத்திலேயே இருக்கட்டும். முழுப்பணம் வரும்வரை சாவி உங்களிடமே இருக்க வேண்டும். அளவெடுக்க வந்தால் கூடவே நில்லுங்கள். தொலைவில் இருக்கிறீர்களே, உங்களுக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்துப் போட ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று என்னிடமும் கேட்டார்கள். நல்லவேளை, சோம்பேறித்தனத்தால் அதைச் செய்யாமல் விட்டேன்.

தரகரோடு போடும் ஒப்பந்தத்தையும் விடாதீர்கள். ஆறு மாதம் மிக அதிகம். ஒப்பந்தம் முடிந்த பிறகும், அவர் காட்டிய ஆளுக்கு விற்றால் கமிஷன் என்று பலவற்றில் ஒரு வரி இருக்கும். அப்படியானால் யார் யாருக்குக் காட்டினார் என்ற பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறு யாரிடமாவது பணம் வாங்குகிறாரா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாய் பதில் வேண்டாம்.

வரி பற்றி ஒன்று. விற்ற லாபத்துக்கு வரி உண்டா, எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் வீட்டைப் பெரிதாக்கச் செய்த செலவை லாபத்தில் கழிக்கப் பல நாடுகளில் இடம் இருக்கிறது, ரசீது இருந்தால். மாடியறை கட்டிய ரசீதுகளை ஒரு பையில் வைத்திருந்தேன். வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டதும் நான்தான். அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

தரகர் பெயரைச் சிலர் கேட்டார்கள். சொல்வதாக இல்லை; நடந்தது எல்லாம் நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது, சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை. ஆனால் அந்த அக்ரிமென்ட்டின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு அனுப்புகிறேன். நான்காம் பக்கத்திலும் ஐந்தாம் பக்கத்திலும் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன்.