அம்மா கிரைண்டர்: ஆர்.கே. நகரிலிருந்து ஒரு பயனர் அனுபவம்

விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தை ஜெயலலிதா தொடங்கியது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. ரேஷன் கார்டைக் காட்டி, வரிசையில் நின்று, மூன்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வந்தோம். மூன்றிலும் அவர் படம்.

கிரைண்டரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். டேபிள் டாப் வகை. அதுவரை வீட்டில் ஆட்டுக்கல்தான். இது வந்தபிறகு எங்கள் அம்மா தெருவில் மாவு விற்கவே ஆரம்பித்துவிட்டார். உளுந்து பந்து மாதிரி பொங்கி வரும். அரிசியை டிரம் நிறையக் கொட்டினால் மட்டும் பெல்ட் வழுக்கும், கல் சுற்றாமல் முனகும். பாதிப் பாதியாகப் போட்டால் தொல்லை இல்லை. பெல்ட் மாற்றியாயிற்று, கல்லைக் கொத்தியாயிற்று. மோட்டார் மட்டும் வந்த அன்று இருந்ததுதான்.

மிக்சி சட்னிக்குப் போதும், மசாலாத் தூளுக்கு மில்லுக்குத்தான் போக வேண்டும். கப்ளர் தேய்ந்தால் கவலையில்லை, தண்டையார்பேட்டை ரிப்பேர் கடையில் "அம்மா மிக்சிக்கு" என்றாலே எடுத்துப் போடுவார்கள். ஃபேன்தான் முதலில் போனது.

ஆனால் 2012இல் மின்வெட்டு. சென்னையிலேயே தினமும் கரண்ட் போகும், வெளி மாவட்டங்களில் கேட்கவே வேண்டாம். மிக்சி கொடுத்த அம்மா கரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று குழாயடியில் பேச்சு. அரிசியை ஊறப்போட்டுவிட்டு கரண்டுக்குக் காத்திருந்த எங்கள் அம்மாவும் அதில் சேர்ந்துகொள்வார்.

கொடுத்தவரின் கதை இதற்கு நடுவில் எங்கள் தெருவுக்கே வந்தது. 1991–96 ஆட்சியில் மாதம் 1 ரூபாய் சம்பளம் வாங்கியவர்மேல், வருமானத்துக்கு மீறி 66 கோடி ரூபாய் சொத்து சேர்த்ததாக வழக்கு. 2014 செப்டம்பர் 27இல் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் 4 ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தது. பதவி போனது. 2015 மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவிக்க, மறுபடி முதல்வர். நிற்க ஒரு தொகுதி வேண்டும். எங்கள் எம்.எல்.ஏ. வெற்றிவேல் ராஜினாமா செய்ய, ஆர்.கே. நகருக்கு யோகம் அடித்தது. வழக்கமாக ரயில்வே கேட்டில் நாங்கள் மட்டுமே காய்வோம், அந்த ஜூன் இடைத்தேர்தலில் மந்திரிகளும் சேர்ந்து காய்ந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசம். தி.மு.க. போட்டியிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; 2016இல் அது நின்றபோது வித்தியாசம் 40 ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது.

எங்கள் அம்மாவின் ஓட்டு இரண்டு முறையும் ஜெயலலிதாவுக்கே. "கேஸ் வேற, கிரைண்டர் வேற" என்பார். அப்பா விடமாட்டார்: "டாஸ்மாக்ல நான் குடுத்த காசுதானே கிரைண்டரா திரும்பி வந்திருக்கு?" சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது 2003இல், அதுவும் இவர் ஆட்சிதான். என் ஓட்டு அப்பா பக்கம். மக்கள் பணத்தில் வாங்கிய பொருளில் முதல்வர் படம் எதற்கு? ஆனால் அந்த மாவு விற்ற காசில்தான் என் கல்லூரி ஃபீஸ் கட்டியது, அதையும் மறைக்க மாட்டேன்.

2016 டிசம்பர் 5இல் அவர் இறந்தார். மறு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சசிகலா உள்ளிட்ட மூவரின் தண்டனையை உறுதி செய்தது. இறந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு மட்டும் அற்றுப்போனது. ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தல் பணப்பட்டுவாடா புகாரால் ரத்தாகி, டிசம்பரில் குக்கர் சின்னத்தில் தினகரன் ஜெயித்தார்.

பழைய சாமான் கடைகளில் இப்போதும் அம்மா கிரைண்டர் கண்ணில் படும். வாங்குவதானால் வெறும் டிரம்மைச் சுற்றவிட்டு ஏமாறாதீர்கள். கொஞ்சம் ஊறின அரிசி கையோடு எடுத்துப் போங்கள். பெல்ட் செலவையும் பேரத்தில் கழித்துவிடுங்கள்.