பியூஜோ பி.எக்ஸ்.-10: வெர்னியரோடு போய் வாங்க வேண்டிய சைக்கிள்

வெள்ளைப் பெயின்ட், தலைக்குழாயில் கறுப்பு பூசிய லக்குகள் (சட்டகக் குழாய்களை இணைக்கும் உறைகள்): 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் வந்த பி.எக்ஸ்.-10ஐத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். டாம் சிம்சன், இளவயது எடி மெர்க்ஸ், பிறகு 1975, 1977 டூர் தெ பிரான்ஸ் வென்ற பெர்னார் தெவெனே எல்லோரும் பியூஜோ அணிக்காக ஓட்டியவர்கள். அந்தப் பெயருக்காகவே சேகரிப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள். தேடலாம், அதற்குத் தகுதியான வண்டிதான். ஆனால் விற்பவர் சொல்லும் விலையோடு கணக்கு முடிவதில்லை. அன்றைய பிரெஞ்சு அளவுகள் பலவும் இன்று கடையில் கிடைக்கும் உதிரிபாகங்களோடு பொருந்தாது. வண்டியில் எது இல்லை, எது உடைந்திருக்கிறது என்பதுதான் உண்மையான விலையைத் தீர்மானிக்கும்.

முதலில் நல்லது. சட்டகம் ரெனால்ட்ஸ் 531 என்ற இலேசான கலப்பு எஃகுக் குழாய், அலங்கார வெட்டுள்ள நெர்வெக்ஸ் லக்கு. முழு வண்டியும் சுமார் 10 கிலோதான். கோணங்கள் சற்றே சாய்வாக, சக்கர இடைவெளி நீளமாக இருப்பதால் கரடுமுரடான சாலையிலும் உடம்பை உலுக்காமல் ஓடும். லக்கு ஓரங்களில் இத்தாலிய வண்டிகளின் அரவேலைச் சுத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம். அது தொழிற்சாலை வேலை. ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல் சீட் போஸ்டை உருவி வெர்னியரில் அளந்து பாருங்கள். 26.4 மி.மீ. வந்தால் நிம்மதி. மலிவான பியூஜோக்களின் தடித்த குழாய்களில் போஸ்ட் இதைவிடத் தெளிவாக மெலிந்திருக்கும். யாரோ 26.0 போஸ்ட்டைத் திணித்து போல்ட்டை இறுக்கியிருந்தால் சீட் லக்கின் இரு காதுகளும் உள்நோக்கி வளைந்திருக்கும். அதை விலைபேசும்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் கிராங்க்குகளைத் தாங்கும் ஆக்சிலும் அதை இரு பக்கமும் பிடிக்கும் மரைக் கப்புகளும். மறுசீரமைப்பில் பாதி நேரத்தைத் தின்பது இதுதான். மரை 35 × 1 மி.மீ., இரண்டு பக்கமும் வலமரை. ஆங்கில அளவில் வலப்பக்கக் கப்பு இடமரை, அதனால் அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். அந்தப் பழக்கத்தில் பியூஜோவைத் திருப்பினால் கப்பு இன்னும் இறுகும், ஸ்பேனர் வழுக்கும், கப்பின் தட்டை முகங்கள் மழுங்கிவிடும். இதை இடஞ்சுழியாகத்தான் கழற்ற வேண்டும். மசியவில்லை என்றால் கப்பின் துளை வழியாக ஒரு பெரிய போல்ட்டை உள்ளிருந்து வெளியே நுழைத்து, இரு பக்கமும் தடித்த வாஷர் வைத்து நட்டால் இறுக்கி, உள்ளே இருக்கும் போல்ட்டின் தலையை இடப்பக்கத்திலிருந்து நீண்ட சாக்கெட் ஸ்பேனரால் வலஞ்சுழியாகத் திருப்புங்கள்; வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் அது இடஞ்சுழி. பூட்டும்போது போல்ட்டை எதிர்த்திசையில் நுழைத்து இதே உத்தியால் முழுப் பலத்தோடு இறுக்க வேண்டும். வலமரை என்பதால் மிதிக்க மிதிக்க வலப்பக்கக் கப்பு தானாகவே தளரும் சுபாவம் உடையது. உள்ளே பக்கத்துக்கு 11 பால்ரஸ், அளவு கால் அங்குலம். ஆக்சிலில் குழி விழுந்திருந்தால் பால்ரஸ் மாற்றிப் பயனில்லை. கப்பே போய்விட்டதா? பில் வுட் நிறுவனம் பிரெஞ்சு மரை வளையங்கள் செய்கிறது. விலை அதிகம், வேலை சுத்தம்.

அதற்கு முன் கிராங்க்கைக் கழற்ற வேண்டுமே! ஸ்ட்ராங்லைட் 93 கிராங்க்கில் கழற்றிக் கருவியைத் திருகும் மரை 23.35 மி.மீ. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் கழற்றி 22 மி.மீ. அது உள்ளே லொடலொடவென்று நிற்கும். ஒரு முறை இழுத்தால் போதும், அலுமினிய மரை சுருண்டு வந்துவிடும். டி.ஏ. என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனத்தின் கழற்றியும் (23 மி.மீ.) உதவாது. சரியான கழற்றி கையில் வரும்வரை கிராங்க்கைத் தொடாதீர்கள். வாங்கும்போது டார்ச் அடித்து அந்த மரையைப் பாருங்கள், முந்தைய கை யாருடையது என்று அது சொல்லிவிடும். பெடல் மரை 14 × 1.25 மி.மீ. இன்றைய 9/16 அங்குலப் பெடல் ஓரிரு சுற்று ஏறி முட்டிக்கொள்ளும். நல்ல பிரெஞ்சுப் பெடல் கிடைக்கவில்லை என்றால் 9/16 × 20 டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையை அகலப்படுத்தலாம். பிட்ச் (மரைகளின் இடைவெளி) கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் சேதம் குறைவு. இடது கிராங்க்குக்கு இடமரை டேப் தேவை.

ஹேண்டில்பார் ஸ்டெம் 22.0 மி.மீ. வழக்கமான 22.2 ஸ்டெம்மைச் சுத்தியலால் அடித்து இறக்கும் பாவத்தைச் செய்யாதீர்கள். ஸ்டெம்மின் தண்டை உப்புத்தாளால் சீராகத் தேய்த்து 0.2 மி.மீ. குறைத்தால் போதும். வண்டியோடு வந்தது ஆவா ஸ்டெம் என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை அலமாரியில் வையுங்கள். அடிப்பிளவின் மேல்முனையில் விரிசல் விட்டு உடைவது இதன் தெரிந்த கோளாறு.

சிம்ப்ளெக்ஸ் கியர் பற்றி இரண்டு பேச்சு உண்டு. டெல்ரின் பிளாஸ்டிக்கால் செய்த டிரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பாகம்), புதிதாக இருக்கையில் அழகாகவே மாற்றும். வயதானால் முன் டிரெய்லரின் பட்டை பிளந்துவிடுகிறது, பெரும்பாலும் அளவுக்கு மீறி இறுக்கியதால். காட்சிக்கு என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு என்றால் 28 மி.மீ. குழாய்க்குப் பொருந்தும் உலோக டிரெய்லர் போடுங்கள். பின் டிரெய்லரை மாட்டும் ஹேங்கரில் மரையே இருக்காது. வேறு டிரெய்லர் மாட்ட 10 × 1 மரை வெட்டி, நிறுத்தப் பல்லும் அரம்போட்டு உண்டாக்க வேண்டும். அபூர்வச் சட்டகத்தில் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாஃபாக் ரேசர் பிரேக் அருமையான பொருள். புதிய பிரேக் கட்டை போட்டால் இன்றைக்கும் நம்பி நிற்கலாம். கீச்சொலி வந்தால் கட்டையின் பின்பகுதியை லேசாக அரம்போட்டு, முன்முனை முதலில் ரிம்மைத் தொடும்படி செய்யுங்கள்.

சக்கரங்கள் ரிம்மில் பசையால் ஒட்டும் டயருக்கானவை. சாதாரண டயர் ஏற்கும் 700 சி ரிம்முக்கு மாற்றினாலும் பிரேக் எட்டும். ஸ்போக்கைப் பிரிக்கும் முன் பிரீவீலைக் கழற்றிவிடுங்கள், வெறும் ஹப்பைப் பிடித்துக்கொண்டு அதைத் திருக முடியாது. ஹப்பின் மரை 34.7 × 1 என்றால் ஆங்கில அளவு பிரீவீல் சில சுற்று ஏறி ஏமாற்றும், பிறகு மேட்டில் மிதிக்கும்போது மரையோடு பிய்த்துக்கொள்ளும். செயினுக்குக் கவலையில்லை, இன்றைய 8 வேகச் செயின் ஐந்து பல்சக்கரப் பிரீவீலில் நன்றாகவே ஓடும்.

விலை குறைவு என்று யு.ஓ.-8 மாடலைக் காட்டுவார்கள். அதிலும் இதே பிரெஞ்சு மரைகள், இதே அலைச்சல். ஆனால் குழாய் சாதாரண எஃகு, கிராங்க் காட்டர் பின் (ஆப்புமுளை) அடித்துப் பொருத்தும் பழைய வகை. அலைவது என்றான பிறகு, கிராங்க் மரையும் சீட் லக்கும் கெடாத பி.எக்ஸ்.-10 ஒன்றுக்காகக் காத்திருந்து வாங்குங்கள்.