பருக்குழிக்கு எந்த ஊசி? பிஆர்பி, சால்மன், ஸ்கல்ப்ட்ரா, பெல்லாஃபில்: ஓர் ஒப்பீடு

லிஃப்டுக்குள் ஏறியதும் சிலர் கண்ணாடிப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். உச்சந்தலைக்கு மேலே எரியும் விளக்கு, கன்னத்தில் இருக்கும் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் போட்டுக் காட்டும். அதே முகத்தை வீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். பருக்குழியில் நம்மை உறுத்துவது பெரும்பாலும் இந்த நிழல்தான். இது புரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. அதுவரை நிறத்தை வெளுக்க வைக்கும் கிரீம்களுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் "சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா?" என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இப்போது தோல் கிளினிக் எதற்குள் நுழைந்தாலும் ஒரு ஊசிப் பட்டியல் நீட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விளம்பரம்: உங்கள் தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. அதைச் செய்யாமல் எந்த ஊசியையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, ஒரு குழியின் இரு பக்கமும் விரலை வைத்துத் தோலை மெல்ல இழுங்கள். குழி தட்டையாகி மறைந்துவிட்டால் அது நெகிழ்கிற குழி. அடியில் எதையாவது நிரப்பினாலும், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக வளர்ந்தாலும் அது மேலே வரும். இழுத்தும் குழி அப்படியே இருந்தால், ஒன்று தழும்பே தடித்து இறுகியிருக்கிறது, இல்லையென்றால் அடியிலிருந்து நார் ஏதோ பிடித்து இழுக்கிறது. மருத்துவர்கள் 2001-லிருந்து குழிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஊசியால் குத்தியது போல 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயோடு ஆழமாக இறங்குவது ஐஸ்பிக். செங்குத்தான ஓரங்களோடு பெட்டி மாதிரி இருப்பது பாக்ஸ்கார். 4, 5 மில்லிமீட்டர் அகலத்தில் அலை அலையாகத் தெரிவது ரோலிங். ஒரே கன்னத்தில் மூன்றும் கலந்து கிடப்பதுதான் வழக்கம்.

ஐஸ்பிக்கை இப்போதே ஒதுக்கி வைத்துவிடலாம். கீழே வரும் நான்கு ஊசிகளில் எதுவும் அதற்கு உதவாது. குழிக்குள் மட்டும் கூர்மையான குச்சியால் கடுமையான டிசிஏ அமிலத்தைத் தொட்டு வைக்கும் முறை, அல்லது அந்தத் துளையையே வெட்டி எடுப்பது, இந்த இரண்டும்தான் அதற்கு முக்கிய வழிகள். முகம் நிறைய ஐஸ்பிக் இருக்கும் ஒருவருக்கு விலை உயர்ந்த ஊசி பேக்கேஜ் விற்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சரி, முதலில் பிஆர்பி. நம் ஊரில் அதிகம் கிடைப்பது இதுதான், நான்கில் செலவும் குறைவு. கையிலிருந்து 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பிளேட்லெட் செறிந்த மஞ்சள் நீரைப் பிரித்து, முகத்தில் ஊசியாகப் போடுவார்கள். நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் செய்த கையோடு மேலே தடவுவதும் உண்டு. பிளேட்லெட்டுகள் உடையும்போது வெளிவரும் வளர்ச்சிக் காரணிகள், கொலாஜன் செய்யும் செல்களைத் தட்டி எழுப்பும். நம் ரத்தமே நமக்குத் திரும்புவதால் ஒவ்வாமை பயம் மிகக் குறைவு.

இந்தியாவில் 50 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியான ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஒரே ஆளின் ஒரு கன்னத்தில் மைக்ரோநீட்லிங்கும் பிஆர்பியும், மறு கன்னத்தில் மைக்ரோநீட்லிங்கும் வெறும் காய்ச்சி வடித்த நீரும். பிஆர்பி பக்கம் சுமார் 62 சதவீத முன்னேற்றம், தண்ணீர்ப் பக்கம் சுமார் 46. கிளினிக்காரர்கள் 62-ஐக் காட்டுவார்கள். நான் 46-இல்தான் நின்றுவிட்டேன். தண்ணீர் ஊற்றிய கன்னமும் அவ்வளவு தேறியிருக்கிறது என்றால், வேலையில் பெரும் பங்கு குத்திய ஊசியுடையது. தோலைக் காயப்படுத்தினால் அது தன்னைச் சரிசெய்யக் கொலாஜன் சுரக்கும். பிஆர்பி அதற்கு மேலே கொஞ்சம் சேர்க்கிறது, அவ்வளவுதான். அதனால் வெறும் பிஆர்பி ஊசியைத் தனியாக எடுப்பதைவிட மைக்ரோநீட்லிங்கோடு சேர்த்து எடுப்பது மேல் என்பது என் கணக்கு.

இதில் குறை, தரத்தில் ஒழுங்கு இல்லாதது. எத்தனை நிமிடம் சுற்றுகிறார்கள், எத்தனை மடங்கு செறிவு வருகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைவிடப் பெரிய விஷயம் சுத்தம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் 2018-இல் 'வாம்பயர் ஃபேஷியல்' என்ற பெயரில் இதைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-இல் அறிக்கையாக வெளியிட்டது. ரத்தம் கையாளும் வேலை இது. பியூட்டி பார்லரில் செய்துகொள்ளக் கூடாது.

அடுத்து சால்மன். கொரியாவின் ஃபார்மாரிசர்ச் நிறுவனம் 2014 முதல் ரெஜூரன் என்ற பெயரில் விற்கிறது. சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த டிஎன்ஏ துண்டுகள், அதாவது பாலிநியூக்ளியோடைடு. 'மீன் ஊசி' என்று சிலர் கிண்டலடிப்பார்கள். தோலுக்குள் இது ஈரத்தைப் பிடித்து வைத்து, வீக்கத்தைத் தணித்து, செல்கள் பழுது பார்க்க, கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் போலத் துணை நிற்கிறது. தழும்புக்கென்றே கொஞ்சம் கெட்டியான ரகம் ஒன்றும் உண்டு, ரெஜூரன் எஸ் என்று பெயர். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் மூன்று நான்கு சிட்டிங் போடுவார்கள்.

வலிக்கும். மரப்பு கிரீம் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தாலும் வலிக்கும். போட்டு முடித்ததும் முகம் முழுக்கக் கொசு கடித்தது போலச் சின்னச் சின்ன மேடுகள் நிற்கும், ஓரிரு நாளில் அடங்கும். இதன் பலத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: தோலின் தரம், பரு விட்டுப்போன சிவப்பு, மேலோட்டமான சொரசொரப்பு. இவற்றில் வித்தியாசம் தெரியும். ஆழமான குழியை மேலே தூக்கும் சக்தி இதற்குக் கிடையாது. ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை ஊசியாகப் போட அனுமதிக்கவில்லை. விலையோ பிஆர்பியைப் போலப் பல மடங்கு. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் பக்கமே போகக் கூடாது. சைவக்காரர்கள் பலர் என்னவென்று தெரியாமலே போட்டுக்கொள்கிறார்கள், கிளினிக்கில் யாரும் வாய் திறந்து சொல்வதுமில்லை.

மூன்றாவது ஸ்கல்ப்ட்ரா. உள்ளே இருப்பது பாலி எல் லாக்டிக் அமிலம், கரையும் தையல் நூல்களில் பயன்படும் பொருள் வகைதான். 2004-இல் எஃப்டிஏ இதை அனுமதித்தது பருத் தழும்புக்காக இல்லை. எச்ஐவி மருந்துகளால் கன்னக் கொழுப்பு வற்றிப்போனவர்களுக்காக. அழகுக்கான அனுமதி 2009-இல்தான் வந்தது. நுண்துகள்கள் தோலுக்கடியில் மெதுவாகக் கரையும்போது உடல் அவற்றைச் சுற்றிக் கொலாஜன் கட்டுகிறது.

விதை போட்டுவிட்டுக் காத்திருப்பது மாதிரியான ஊசி இது. போட்ட அன்று கன்னம் உப்பி அழகாக இருக்கும், ஆனால் அது துகள்களைக் கரைத்த தண்ணீர். சில நாளில் தண்ணீர் வற்றி முகம் பழையபடி ஆகிவிடும், "ஏமாந்துட்டோமோ" என்று தோன்றும். உண்மையான பலன் இரண்டு மூன்று மாதத்தில் தலைகாட்டி, இரண்டு வருடம் வரை நிற்கும். ஒரு நாளைக்கு ஐந்து முறை, முறைக்கு ஐந்து நிமிடம், ஐந்து நாள் மசாஜ் செய்யச் சொல்வார்கள். துகள்கள் ஓரிடத்தில் திரண்டு கட்டியாகாமல் இருக்கத்தான் அது. திரண்டால் கரைக்க மருந்து இல்லை.

ஒவ்வொரு குழியாகப் பார்த்து நிரப்ப இது தோதுப்படாது. வயது நாற்பதைத் தொடும்போது கன்னச் சதை இறங்க, இருபதில் தெரியாத குழிகள்கூட ஆழமாகத் தெரியத் தொடங்கும். அப்படிப்பட்ட கன்னத்தை மொத்தமாகத் தூக்கி நிறுத்த ஸ்கல்ப்ட்ரா நல்லது. இருபத்திரண்டு வயதில், சதைப்பிடிப்பான முகத்தில், பத்துக் குழிகளுக்காக இதைப் போடுவது வீண் செலவு.

கடைசியாக பெல்லாஃபில். பருக்குழிக்கென்றே எஃப்டிஏ அனுமதி பெற்ற நிரப்பி, அதாவது ஃபில்லர், இது ஒன்றுதான். 2014 இறுதியில் கிடைத்த அனுமதியும் வரம்போடுதான்: 21 வயதுக்கு மேல், கன்னத்தில், நெகிழ்கிற குழிகளுக்கு. ஆரம்பத்தில் சொன்ன விரல் சோதனை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். 147 பேரிடம் நடந்த சோதனையில் ஆறு மாத முடிவில் பெல்லாஃபில் போட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கும், வெறும் உப்புநீர் போட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. உப்புநீர்க்காரர்களில் மூன்றில் ஒருவர்! மறுபடியும் அந்த ஊசி.

உள்ளே 80 சதவீதம் மாட்டுக் கொலாஜன், 20 சதவீதம் பிஎம்எம்ஏ நுண்மணிகள். எலும்பு அறுவையில் சிமென்டாகவும் பழைய வகைக் கண்புரை லென்ஸாகவும் பயன்பட்ட அதே பிளாஸ்டிக். கொலாஜன் கரைந்துபோகும், மணிகள் அங்கேயே நிரந்தரமாகத் தங்கி மேலே தோலைத் தாங்கும். மாட்டுப் பொருள் ஒத்துக்கொள்கிறதா என்று நான்கு வாரம் முன்பே கையில் தோல் சோதனை செய்ய வேண்டும். மத நம்பிக்கையால் மாட்டுப் பொருளைத் தவிர்க்கிறவர்களுக்குக் கதை இங்கேயே முடிந்தது. தழும்பு மேடாகத் தடித்து வளரும் கீலாய்டு வாகு உள்ளவர்களுக்கும் இது கூடாது.

நிரந்தரம் என்பதைத்தான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எனக்கு அங்கேதான் தயக்கம். முகம் மாறிக்கொண்டே இருக்கும், மணி மாறாது. 1,008 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 1.7 சதவீதம் பேருக்கு கிரானுலோமா என்ற கட்டி வந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் சாதாரண ஹயலூரோனிக் அமில ஃபில்லர் பிடிக்கவில்லை என்றால் ஹயலூரோனிடேஸ் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம், இதை அப்படிச் செய்ய முடியாது. நெகிழ்கிற குழி நாலைந்து மட்டும் இருப்பவர்கள் முதலில் கரைக்கக்கூடிய ஃபில்லரைப் போட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் பிறகு நிரந்தரத்தை யோசிக்கலாம்.

எக்ஸோசோம் என்று, செல்கள் வெளிவிடும் நுண்பைகளை வைத்துச் செய்த ஒன்றையும் இப்போது தள்ளிவிடுகிறார்கள். 2019 டிசம்பரிலேயே எஃப்டிஏ அது பற்றி எச்சரித்தது, அங்கீகரித்த எக்ஸோசோம் ஊசி எதுவும் கிடையாது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இந்த நான்கு பெயரையும் ஓரம் கட்டிவிட்டு, ரோலிங் குழி உள்ளவர்கள் கேட்க வேண்டிய ஒரு பெயர் இருக்கிறது: சப்சிஷன். 1995-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்களான டேவிட், நார்மன் ஓரன்ட்ரைக் விவரித்த முறை. தோலுக்கடியில் ஊசியையோ, கேனுலா என்ற மழுங்கிய முனைக் குழாயையோ நுழைத்து, குழியைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்துவிடுகிறார்கள். கட்டிப்போட்ட கயிற்றை அறுக்காமல் எவ்வளவு நிரப்பினாலும் குழியைச் சுற்றி உப்புமே தவிர, குழி மேலே வராது. முகம் ஒரு வாரம் கன்றிப் போயிருக்கும், லீவு போட வேண்டும். அறுத்த இடம் திரும்ப ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதே சமயத்தில் பிஆர்பியோ ஃபில்லரோ போட்டால் அந்த ஊசிக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு ஊசி முறைகளில் இன்னொரு வசதி உண்டு. கடுமையான லேசர் மேல்தோலைச் சுட்டுவிட்டால் மாதக்கணக்கில் கறுப்புப் படலம் நிற்கும். ஊசி வேலை மேல்தோலை அவ்வளவு தொடாததால் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் திரிந்தால் கன்றிய இடம் கறுக்கத்தான் செய்யும்.

என் முகத்தில் ரோலிங்கும் கொஞ்சம் பாக்ஸ்காரும். முதலில் போன இடத்தில் விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் ஆறு சிட்டிங் பிஆர்பிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். தோல் பளபளவென்று ஆனது, குழி இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் கன்னத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, பேனாவால் குழிகளைச் சுற்றி வட்டம் போட்டார். "இதெல்லாம் அறுக்கணும், இது ரெண்டுக்கும் ஆசிட், மத்தத விட்டுடலாம்மா" என்றார். புதுப் பரு வந்துகொண்டிருக்கும் வரை எதையும் தொட மாட்டேன் என்றும் சொல்லி, நான்கு மாதம் பருவுக்கான மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினார்.