உப்புவெளியில் ஒரு சத்தமில்லாத கொம்பியூட்டர்: கச்சானையும் வாடையையும் பார்த்த பிறகு

சின்னதாக, சத்தமில்லாமல், கரண்டை அதிகம் இழுக்காத கொம்பியூட்டர் ஒன்று பூட்ட வேண்டும் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி "எந்த ப்ரொசசர் போட?" என்பதுதான். 2023 கடைசியில் திருகோணமலைக்குப் பக்கத்தில், கடற்கரை ஊரான உப்புவெளியில் என் வீட்டில் அப்படி ஒன்றைப் பூட்டினேன். அன்றிலிருந்து என் வேலை முழுக்க அதில்தான். ப்ரொசசரைத் தெரிவுசெய்வது இதில் ஆகச் சுகமான பகுதி. மண்டையைப் போட்டு உடைக்க வேண்டியது பவர் சப்ளைக்கும் கேசிங்குக்கும்தான். வெக்கையும் உப்புக்காற்றும் சேர்ந்த எங்கள் ஊரில் சொல்லவே வேண்டாம்.

என் தொழில் புத்தகப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புப் பார்ப்பதும். பெரும்பாலும் இரவில்தான் வேலை ஓடும். அதே ஹோலில்தான் அம்மாவும் படுப்பார். பழைய டவர் கொம்பியூட்டர் இருந்த காலத்தில் அதன் இரைச்சலில் புரண்டு புரண்டு படுத்தார். இப்போது சில நாள் காலையில் "ராத்திரி வேலை செய்யேல்லையா?" என்று கேட்கிறார்.

ப்ரொசசர் இன்டெல் என்100. 2023 தொடக்கத்தில் வந்தது; நான்கு சிக்கனக் கோர்கள், 6 வாட் என்ற கணக்கு. எழுத்து வேலை, இணையம், ஸூம் வகுப்பு எல்லாவற்றுக்கும் தாராளம். 4கே வீடியோவை, ஏவி1 என்ற புதிய சுருக்க வகை உட்பட, கிராபிக்ஸ் பகுதியே பார்த்துக்கொள்கிறது. படங்கள் நிறைந்த புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது மட்டும் எழுந்து போய் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வரலாம். எனக்கு அது ஒரு குறையே இல்லை.

இனி பவர் சப்ளை. கடையில் போய் நின்றால் 500 வாட் சப்ளையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கரண்டை வீணாக்காத சப்ளைக்குத் தரும் சாதாரண 80 பிளஸ் சான்றிதழுக்குச் சோதிப்பது 20, 50, 100 வீதச் சுமைகளில். நம்முடைய மெஷினோ 10 வாட் அளவில் ஓடுவது. 500இல் அது 2 வீதம். அவ்வளவு குறைந்த சுமையில் அந்தப் பெரிய சப்ளை கணிசமான கரண்டைச் சும்மா சூடாக்கியே விடும். அந்தச் சூட்டை வெளியேற்ற அதற்குள்ளேயே ஒரு ஃபேன் வேறு. அதனால்தான் மதர்போர்டிலேயே அடப்டரை நேரே குத்தும் டிசி துளை உள்ளதைத் தேடினேன். அஸ்ரொக் என்100டிசி-ஐடிஎக்ஸ் அப்படிப்பட்டது: 17க்கு 17 சென்ரிமீற்றர் பலகை, ப்ரொசசர் அதிலேயே ஒட்டி வரும், ஃபேன் கிடையாது, லப்டொப் மாதிரி 19 வோல்ட் அடப்டரில் ஓடும். பழைய மெஷினிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ராமையே இதில் குத்திவிட்டேன். இருப்பது ஒரே ஒரு ராம் துளைதான், ஆகவே 8 ஜிபி ராம் இரண்டை வைத்துக்கொண்டு போகாதீர்கள். 16 ஜிபி ஒன்று போதும்.

அடப்டர் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். முனையின் அளவைக் கையேட்டில் பார்த்துவிட்டே வாங்குங்கள். 5.5க்கு 2.5 என்றும் 5.5க்கு 2.1 என்றும் மில்லிமீற்றரில் இரண்டு வகை உண்டு, கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். மற்றது எர்த். கடைக்காரர் முதலில் தந்தது இரண்டு முள் அடப்டர். வெறுங்காலோடு நின்று கேசிங்கின் விளிம்பைத் தொட்டால் விரலில் எறும்பு ஊருவது போல் சுள்ளென்றது. எர்த் இல்லாத அடப்டரில் கசிகிற சின்ன மின்னோட்டம் அது. எர்த்தோடு வருகிற மூன்று முள் அடப்டருக்கு மாற்றியதும் நின்றுவிட்டது. இரும்பு கேசிங் வைப்பவர்கள் இதில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது.

பில் கணக்கையும் பாருங்கள். பழைய டவர் சும்மா இருக்கும்போதே சுவரில் 70 வாட் இழுத்தது. நாளுக்கு பத்து மணித்தியாலம் என்றால் மாதம் 21 யுனிட். இது வேலையோடு சேர்த்துச் சராசரி 12 வாட். நாலு யுனிட்டைத் தாண்டாது. மின் கட்டணம் 60, 90, 120 யுனிட் என்று படியேறுவது உங்களுக்குத் தெரியும். விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அந்த 17 யுனிட் பெரிய காரியம்.

சரி, ஃபேனே இல்லாமல் தாங்குமா? ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும்போது என் அறை பின்னேரத்தில் 34 பாகை. அப்போது மூடிய கேசிங்குக்குள் ப்ரொசசர் 75ஐத் தாண்டும். அதன் எல்லை 105, ஆகவே வெந்துபோகாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்டியையும், அதாவது சுழலாத டிஸ்க்கையும், நினைக்க வேண்டும். நொக்டுவாவின் 12 சென்ரிமீற்றர் ஃபேன் ஒன்றைப் போட்டு, பயாஸில் (மெஷின் எழும்பும்போதே திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) ஆகக் குறைந்த வேகத்தில் விட்டிருக்கிறேன். 60க்குக் கீழே வந்துவிட்டது. காதை வைத்தால்தான் கேட்கும். மேலே சீலிங் ஃபேன் சுற்றினால் அதுவும் இல்லை. ஆகச் சின்ன கேசிங் வேண்டும் என்று ஆசைப்பட்டு 4 சென்ரிமீற்றர் ஃபேன் உள்ளதை வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். அந்தக் கீச்சுச் சத்தம் பழைய டவரை விட மோசம்.

மெதுவான ஃபேனுக்கு இன்னொரு நன்மை உண்டு, கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அதுதான் பெரிது. உள்ளே போகும் காற்று குறைந்தால் உப்பும் தூசியும் குறையும். பழைய டவரைக் கழற்றியபோது பின்பக்க ஆணிகள் துருவில் இறுகிப்போய்த் தலை தேய்ந்துதான் வந்தன. இந்தப் பெட்டியில் பெயின்ற் படாத வெட்டு விளிம்புகளில் மட்டும் கொஞ்சம் செம்மை. ராமைக் கழற்றி அதன் தங்கப் பற்களை ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைப்பதை வருடாந்தச் சடங்காக்கிவிட்டேன். மாரியில், வாடைக் காற்றோடு ஈரம் ஏறும் மாதங்களில், மெஷினைப் பல நாள் நிறுத்தி வைக்காதீர்கள். தினமும் ஓடினால் அதன் இளஞ்சூடே உள்ளே ஈரம் படிய விடாது.

டிஸ்க் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பலகையிலேயே குத்தும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்று, பிரதி எடுத்து வைக்க வயரில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று. சுழலும் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் போட்டால் இவ்வளவு பாடுபட்டு வாங்கிய அமைதி அதோடு சரி.

2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன காலம் யாருக்கும் மறக்காது. இப்போது அப்படி இல்லைதான், என்றாலும் திடீரென்று போவது உண்டு. 650 விஏ யூபிஎஸ் ஒன்றின் சாதாரண 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி, பழைய டவருக்கு வேலையைச் சேமிக்கத்தான் நேரம் தந்தது. இதற்கு ரௌட்டரையும் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாராளமாகத் தாங்குகிறது. பயாஸில் கரண்ட் திரும்பியதும் தானாக எழும்பும்படி வைத்துவிடுங்கள். அப்புறம் யூபிஎஸ்ஸின் பீப் சத்தத்தை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். நடுச்சாமத்தில் அது ஒன்றே போதும் வீட்டை எழுப்ப.

கேம் விளையாடுபவர்களுக்கும் நீளமான வீடியோ வெட்டி ஒட்டுபவர்களுக்கும் இது சரிவராது. ராமும் அதிகாரபூர்வமாக 16 ஜிபியோடு நிற்கும். மற்றவர்கள் கொழும்புக்கு ஓடர் போடும்போது ஒன்றுக்கு இரண்டு அடப்டராக எடுத்துவிடுங்கள். எர்த்தோடு, சரியான முனையோடு 19 வோல்ட் அடப்டர் தேடி ஒரு நாள் முழுக்கத் திருகோணமலைக் கடைகளில் ஏறி இறங்கியும் எனக்குக் கிடைக்கவில்லை.