கிளாஸ் 4 கூரையின் கீழ் ஒன்பது ஆண்டுகள்

டெக்சஸில் டாலஸுக்கு வடகிழக்கே உள்ள வைலி நகரில் 2016 ஏப்ரல் 11 அன்று பெய்த ஆலங்கட்டி மழையில், கிரிக்கெட் பந்தைவிடப் பெரிய சாஃப்ட்பால் அளவுக் கட்டிகள் விழுந்தன. எங்கள் வீட்டில் மேற்குப் பக்கத்துச் சன்னல்கள் நான்கும், மாடிப்படிக்கு மேலிருந்த கண்ணாடிக் கூரைத் திறப்பும் நொறுங்கின. மழை ஓய்ந்தபின் கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் ஏறிப் பார்த்தபோது, ஓடு போலக் கூரைமேல் அடுக்கப்படும் ஷிங்கிளையும் அதன் அடியிலிருந்த பலகையையும் துளைத்துக்கொண்டு வந்த ஒரு கட்டி, இன்சுலேஷன் பஞ்சின்மேல் பாதி உருகிக் கிடந்தது. சென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஆலங்கட்டி என்பது சிறுவயதில் ஒரே ஒருமுறை மொட்டைமாடியில் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்ட பொருள். வீட்டின் விலையைத் தீர்மானிக்கக்கூடிய ஒன்று என்று அன்றுதான் விளங்கியது.

அந்த ஆண்டு ஜூலையில் கூரை முழுவதையும் மாற்றும்போது, சாதாரண ஷிங்கிளுக்குப் பதிலாக, ஆலங்கட்டியைத் தாங்குவதற்கென்று தயாரிக்கப்படும் கிளாஸ் 4 ஷிங்கிளைத் தேர்ந்தெடுத்தோம். கூடுதலாக ஆன செலவு ஏறத்தாழ 2,600 டாலர். ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு, அது நல்ல முடிவுதானா என்று கேட்பவர்கள் இங்கே பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், கிளாஸ் 4 என்ற பெயர் எதற்கு உறுதி தருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். யூஎல் 2218 என்ற சோதனையில், 2 அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போடுகிறார்கள். ஷிங்கிளின் பின்புறத்தில் விரிசல் காணாவிட்டால் அது கிளாஸ் 4. சோதிக்கப்படுவது புதிய ஷிங்கிள். டெக்சஸ் வெயிலில் எட்டுக் கோடைகள் வெந்தது அல்ல. அது மட்டுமல்ல, மேற்புறம் பள்ளம் விழுவதையும், மேலே ஒட்டியிருக்கும் கல்துகள்கள் உதிர்வதையும் அந்தச் சோதனை பொருட்படுத்துவதில்லை. தென் கரோலினாவின் ரிச்பர்க்கில் ஐபிஹெச்எஸ் என்ற ஆய்வு நிறுவனம் உண்மையான ஆலங்கட்டிக்கு நெருக்கமான பனிக்கட்டிக் குண்டுகளைத் தயாரித்து ஷிங்கிள்மேல் சுட்டுப் பார்க்கிறது. 2019 முதல் அதன் மதிப்பீடுகள் வெளிவருகின்றன. கிளாஸ் 4 என்று விற்கப்படும் பொருள்களுக்கிடையே தரத்தில் பெரிய வேறுபாடு உண்டு என்பது அவற்றைப் பார்த்தால் தெரியும். நான் வாங்கிய காலத்தில் அந்தப் பட்டியல் இல்லை. இன்று வாங்குபவர் அதைப் பார்க்காமல் வாங்குவது தவறு.

இனி அனுபவத்துக்கு வருகிறேன். கோகோராஸ் என்ற தன்னார்வ மழை அளவீட்டு வலையமைப்பைச் சேர்ந்தவர்கள் ஆலங்கட்டியை அளக்க ஓர் எளிய கருவி வைத்திருக்கிறார்கள்: ஓரடிச் சதுரத் தெர்மாகோல் பலகையின்மேல் தடித்த அலுமினியத் தாளைச் சுற்றி வெளியில் வைப்பது, அவ்வளவுதான். நானும் ஒன்றைச் செய்து பின்கட்டில் வைத்திருக்கிறேன். இந்த ஆண்டுகளில் ஐந்து முறை அதில் குழி விழுந்திருக்கிறது. நான்கு முறை பட்டாணி முதல் கோலிக்குண்டு வரையிலான அளவுதான். அவற்றால் கூரைக்கு எதுவும் ஆகவில்லை. ஐந்தாவது முறை கால்ஃப் பந்தின் அளவு, அதாவது 1.75 அங்குலம். அன்று பலகையில் பதினோரு குழிகள் இருந்தன. ஒரு குழிக்குள் என் கட்டைவிரல் முழுமையாக அமர்ந்தது.

மறுநாள் கூரை ஏறிப் பார்த்த ஆய்வாளர், பத்தடிக்குப் பத்தடி சதுரம் ஒன்றைச் சாக்பீஸால் வரைந்து, அடிபட்ட இடங்களைத் தடவித் தடவி வட்டமிட்டார். அடி விழுந்த இடத்தில் கல்துகள் சிறிது உதிர்ந்திருந்தது. அழுத்தினால் உள்வாங்கும் கன்றிப்போன இடம் ஒன்றுகூட இல்லை. தெருவில் அதே வயதுடைய சாதாரண ஷிங்கிள் போட்ட வீடுகளில் மூன்று, அந்தக் கோடையிலேயே கூரையை மாற்றின. கூரையைப் பொறுத்தவரை, எனக்குக் குறையில்லை. ஆனால் 2016இல் வந்த சாஃப்ட்பால் மீண்டும் வந்தால் இதுவும் தாங்காது. அந்த அளவுக்கு எந்த ஷிங்கிளும் செய்யப்படவில்லை. தாங்காதவை வேறும் உண்டு. ஏசியின் வெளி அலகில் உள்ள மெல்லிய அலுமினியத் தகடுகள் ஒருபுறமாகப் படுத்துவிட்டன. மழைநீர்த் தகரக் குழாய் முழுவதும் அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள்.

அந்தப் பள்ளங்களால்தான் காப்பீட்டுத் தாளின் சிறிய எழுத்தை முதன்முதலாகப் படித்தேன். கிளாஸ் 4 கூரைக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கிறது என்று மகிழ்ந்து, அப்போது கையெழுத்திட்ட படிவம் ஒன்றில், நீர் கசியாத வரை வெறும் தோற்றச் சேதத்துக்கு இழப்பீடு கோர மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். தகரக் குழாய் என் செலவு. டிடக்டிபிள், அதாவது சேதச் செலவில் நாமே முதலில் ஏற்க வேண்டிய பங்கு, அடுத்தது. இங்கே காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிளைத் தனியாக, பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 விழுக்காடாக வைக்கிறார்கள். 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 விழுக்காடு என்றால் முதல் 8,000 டாலர் நம்முடையது. கட்டுமானச் செலவு உயர்ந்து காப்பீட்டுத் தொகை ஏறும்போதெல்லாம் இந்தப் பங்கும் ஓசையின்றி ஏறுகிறது. விழுக்காட்டை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் அதை டாலரில் எழுதிப் பார்ப்பதே இல்லை, நானும் பார்த்ததில்லை.

புயல் ஓய்ந்த இரண்டாம் நாளே வெளியூர் வண்டிகளில் கான்ட்ராக்டர்கள் தெருவுக்கு வந்து கதவைத் தட்டுகிறார்கள். டெக்சஸில் கூரை வேலை செய்பவருக்கு மாநில உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால், ஏணியும் பெயர் அட்டையும் இருந்தால் போதும். மதுரைக்காரரான பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் மாலை வந்து, "அண்ணே, டிடக்டிபிளை நாங்களே பாத்துக்கிறோம்னு சொல்றாங்க, கையெழுத்துப் போட்டுரவா?" என்று கேட்டார். போடாதீர்கள் என்றேன். 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள டெக்சஸ் சட்டத்தின்படி, டிடக்டிபிளை வீட்டுக்காரர்தான் செலுத்த வேண்டும். கான்ட்ராக்டர் அதைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்வதே குற்றம். செலுத்தியதற்கான சான்றைக் காட்டும் வரை, கூரையின் தேய்மானத்துக்காக முதலில் பிடித்துவைத்த தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தராமல் நிறுத்திவைக்கவும் முடியும். தம்பி வேறொரு உள்ளூர்க் கான்ட்ராக்டரை வைத்துச் செய்தார். ஒரு மாதம் தாமதமானது, வேலை நன்றாக இருந்தது.

ஆண்டுதோறும் கிடைத்த தள்ளுபடியைக் கூட்டிப் பார்த்தால், கூடுதலாகச் செலவழித்த 2,600 டாலர் ஏழாம் ஆண்டில் திரும்பிவிட்டது. அந்தத் தள்ளுபடிக்காகக் கூரை போட்டவரிடமிருந்து கையெழுத்திட்ட சான்றிதழை வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நாம்தான் அனுப்ப வேண்டும். எனக்கு இது தெரியாமல் முதல் பதினான்கு மாதங்கள் முழுப் பிரீமியத்தையே கட்டினேன். அந்தப் பணம் திரும்பவில்லை.

சென்ற மாதம் புதுப்பித்தல் கடிதம் வந்தது. கூரைக்குப் பத்து வயது நிறைந்ததும், புதிய கூரையின் விலைக்குப் பதில் தேய்மானம் கழித்த விலையே தரப்படும் என்று ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அப்படியானால், நல்ல நிலையில் உள்ள இந்தக் கூரைக்கு நாளை சேதம் வந்தால், டிடக்டிபிளும் போகக் கையில் வருவது பாதிகூடத் தேறாது. முழு விலைக் காப்பீட்டை நீட்டிக்க ஆண்டுக்கு 410 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். வேறு இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டேன். ஒன்று எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட கூரையையே ஏற்கவில்லை, மற்றொன்று டிடக்டிபிளை 3 விழுக்காடாக்கியது. மார்ச் மாதம் ஆலங்கட்டிக் காலம் தொடங்கிவிடும். 410 டாலரைக் கட்டிவிட்டேன். பின்கட்டுப் பலகைக்குப் புதிய அலுமினியத் தாளும் சுற்றிவிட்டேன்.